தங்கத் தாமரையும் எலியின் ஈரலும்

சாங்சுன் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிகளுக்கு ஸ்கேன் எடுப்பவள் தோங் சூயுன். பதினெட்டு வருஷமாக அதே வேலை. பேராசிரியர் பியன் வாயைத் திறந்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

புற்றுக்கட்டியைப் படத்திலும் காட்டும், லேசர் பட்டால் சூடேறி அதைப் பொசுக்கியும் விடும் என்று சொல்லி நுண்ணிய தங்கத் துகள் ஒன்றை அவர் செய்துவந்தார். முதலில் அதற்குத் தங்க முள்ளெலி என்று பெயர். போன வருஷம் தங்க மாதுளை. இப்போது தங்கத் தாமரை. எந்தப் பெயரில் ஊசி போட்டாலும் அதில் முக்கால்வாசி எலியின் ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். தொடையிலிருக்கும் கட்டிக்குத் துளிதான் போய்ச் சேரும்.

திட்டத்துக்குப் பணம் தரலாமா என்று பார்க்கும் மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தின நாள் பியன் வந்தார். "தோங் அக்கா, படத்துல வயித்தை வெட்டிட்டுத் தொடையை மட்டும் குடுங்க. பாக்கறவங்களுக்குக் கண்ணு கூசக் கூடாதில்ல?"

"கூசட்டுமே. தங்கம்தானே?"

அவர் சிரித்துவிட்டுப் போய்ப் படத்தைத் தானே வெட்டிக்கொண்டார்.

மறுநாள் குழுவில் நான்கு பேர் தலையாட்டினார்கள். ஐந்தாவது ஆள் மருத்துவமனையில் புற்றுநோய் பார்க்கும் டாக்டர் லௌ. "எலியோட மிச்ச உடம்பு எங்கே?" என்றார் அவர்.

"மிஷின் பழசு டாக்டர். ஓட்டறவங்களும் பழைய ஆளு. அவ்வளவுதான் விழும்" என்றார் பியன்.

கடைசி வரிசையில் இருந்த சூயுன் எழுந்து மேடைக்குப் போனாள். யாரையும் கேட்காமல் முழுப் படத்தைத் திரையில் போட்டாள். தொடையில் கொசு கடித்த அளவுக்கு ஒரு புள்ளி. வயிறு மட்டும் தகதகத்தது.

"இது ஈரல்ல வந்த புத்துநோயா?" என்று கேட்டார் லௌ. அரங்கமே சிரித்தது. பியன் இன்றோடு ஒழிந்தான் என்று நினைத்தாள் சூயுன்.

பியன் இமைகூடக் கொட்டவில்லை. "அதேதான் டாக்டர்! எங்க அடுத்த திட்டமே ஈரல்தான். பாருங்க, சொல்லாமலே அங்கே போகுது!"

நான்கு தலைகளும் மறுபடி ஆடின. லௌ ஃபைலை மூடிவிட்டு வெளியே போனார்.

அடுத்த மாதமே ஈரல் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. அதே துகளுக்குத் தங்கச் செவ்வந்தி என்று பெயர் வைத்தார்கள். பியன் பேரிக்காய்ப் பெட்டியோடு அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் உங்க புண்ணியம் அக்கா."

"தொடையில கட்டியோட இருந்த எலி என்னாச்சு?"

"எந்த எலி?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. எலிங்க இருக்கற ரூம் இது. கண்டதும் உள்ள வரக்கூடாது."

கதவைச் சாத்திவிட்டு அடுத்த எலியைப் படுக்கவைத்தாள்.