அம்மாவுக்காக வந்த அண்ணன்

என் அண்ணன் கிருபானந்தன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் திருத்த வரவேண்டாம். மலேசியாவில், கிள்ளானில் வருமான வரி அலுவலகக் கவுன்டரில் முப்பது வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். வருமானத்தை மறைத்தவனுக்கும் அதைச் சட்டப்படி ஒதுக்கி வைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அத்துப்படி. மறைத்தவனுக்கு வியர்க்கும். ஒதுக்கியவன் நன்றாகப் பசியாறிவிட்டு ஆடிட்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருவான். முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டும் இருந்தேன். சொந்த அண்ணன் ஐந்து வருடம் கண்ணெதிரே சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

அவர் லண்டனிலிருந்து வந்தது 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக நாட்டைப் பூட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால். முப்பது வருடம் அங்கே இருந்தவர். வரிசையாக முதியோர் இல்லங்கள் நடத்திப் பெரும் பணக்காரர் ஆனவர். மனைவி பிரிந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா ரயில்வே காலத்தில் வாங்கிய பழைய வீட்டில் அம்மா தனியாக இருந்தார். இரண்டு பெட்டிகளோடு வாசலில் வந்து நின்ற அண்ணன், "எல்லா ஹோமையும் விக்கப் போறேன். இனிமே அம்மாகூடதான்" என்றார். நான் அழுதேன். அம்மா அழுதார். வரவேற்க வந்த பக்கத்து வீட்டு ஆன்டியும் சேர்ந்து அழுதார்.

அம்மாவின் பெயர் புனிதவதி. நாங்களெல்லாம் இந்த ஊர்த் தமிழுக்கு மாறிவிட்டாலும் அவர் இன்னும் யாழ்ப்பாணத் தமிழை விடவில்லை. "என்ரை பிள்ளை எனக்காண்டி லண்டனை விட்டிட்டு வந்திட்டான்" என்று மீன்காரனிடம் சொன்னார், கோயில் ஐயரிடம் சொன்னார், தவறான நம்பருக்கு அழைத்த யாரோ ஒருவனிடமும் சொன்னார். அதற்கு முன் இருபது வருடம், வாரத்தில் மூன்று நாள், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நான். அதை அவர் மீன்காரனிடம் சொன்னதில்லை. ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டேன். "கிள்ளானிலையிருந்து வாறது பெரிய விசயமே?" என்றார்.

எனக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அண்ணன் அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலுக்கு எண்ணெய் தேய்த்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குக் கைபிடித்து அழைத்துப் போனார். அதனால் என் பொறாமையை நானே திட்டி அடக்கிக்கொண்டேன்.

அடுத்த ஜனவரியில் என் மகள் மாதவிக்கு அது நடந்தது. அவள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். முதல் பிள்ளை, ஏழாவது மாதம், வயிற்றிலேயே போய்விட்டது. மருமகனுக்குக் கொரோனா, வேறு அறையில் தனியாகக் கிடந்தான். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது முன்பின் தெரியாத ஒரு நர்ஸ். வீட்டுக்கு வந்த பிறகும் ஒருவர் இல்லை. இங்கே என் கணவர் யோகநாதனுக்கு இருதய ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. என்னால் நகர முடியவில்லை. அண்ணனிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது, காசும் இருந்தது. அம்மாவை நானும் பக்கத்து வீட்டு ஆன்டியும் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் மட்டும் போய்வாருங்கள் என்று போனில் கெஞ்சினேன்.

"அம்மாவை இந்த நேரத்தில விட்டுட்டு நான் எப்படி போறது, வசு? போய்ட்டு அங்கேருந்து நோயை வாங்கிட்டு வந்தா?"

நியாயமாகத்தான் பட்டது. கேட்டதற்காக வெட்கப்பட்டேன். மாதவியிடமும் அப்படியே சொன்னேன். "பரவால்லம்மா, அம்மம்மா முக்கியம்ல" என்றாள் அவள். அதற்குப் பிறகு யார் மாதவியின் பேரை எடுத்தாலும் அம்மா மெதுவாக எழுந்து சாமி அறைக்குப் போய்விடுவார். பேத்தியின் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் பழைய கதை. இந்த ஏப்ரலில், லண்டனுக்குத் திரும்பப் போவதாக அண்ணன் திடீரென்று சொன்னார். மறுநாளே என்னை மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்தார். நண்டு, இறால், ஆட்டுக் குடல் என்று இலை கொள்ளாமல் சொல்லிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"வசு, இதை உன்கிட்டதான் சொல்லணும்லா. நீ டாக்ஸ் ஆளு. உனக்குத்தான் இதோட அருமை தெரியும்."

சொன்னார். இல்லங்களை விற்று வந்த லாபத்துக்கு அங்கே பெரிய வரி. ஆனால் விற்பதற்கு முன்பே நாட்டை விட்டு வெளியேறி, ஐந்து வருடத்துக்கு மேல் அங்கே குடியிருக்காமல் இருந்தால் ஒரு பென்னி கட்ட வேண்டாம். அவர் வந்தது மார்ச். அங்கே வரி வருடம் தொடங்குவது ஏப்ரல் ஆறு. விற்றது அதற்குப் பிறகு. இந்த ஏப்ரலோடு ஐந்து வருடம் தாண்டிவிட்டது.

"இங்கயும் வரி இல்ல, அங்கயும் இல்ல. எல்லாம் லீகல். கிளீன்!"

"எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டேன். கவுன்டர் பழக்கம், வாயில் அதுதான் வந்தது.

"ரிங்கிட்டுல சொன்னா இருபது மில்லியன் கிட்ட."

அந்த இல்லங்களில் இருந்த முதியவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஊர் நகராட்சிதான் பணம் கட்டியது. அண்ணனே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஊரார் கட்டிய வரியில் வளர்ந்த தொழில். விற்கும்போது ஊருக்கு ஒன்றும் இல்லை. என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நர்ஸுக்குச் சம்பளம் போவதும் அதே வரிப் பணத்திலிருந்துதான். இதெல்லாம் எனக்கு வரிசையாகத் தோன்றியது. ஆனால் நான் கேட்டது வேறு.

"அப்ப நீங்க அம்மாவுக்காக வரலையா, அண்ணா?"

"ஐயோ, ஏன் அப்படி பார்க்கிற? அக்கவுண்டன்ட் மூணு இடம் சொன்னான். துபாய், போர்ச்சுகல், மலேசியா. துபாய்ல எனக்கு யாரைத் தெரியும்? இங்க அம்மா இருக்காங்க, வீடு இருக்கு, நல்ல சாப்பாடு. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சுதுல்ல?"

நண்டு ஓட்டை உடைத்து உறிஞ்சினார். நான் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டேன்.

"மாதவிக்கு அப்படி ஆனப்ப?"

"அந்த வருசம் நான் அங்க பதினஞ்சு நாள்தான் நிக்க முடியும், வசு. அதைத் தாண்டினா அங்க குடியிருக்கிற ஆளுன்னு கணக்கு எடுத்துடுவான். தனிமைப்படுத்துறது மட்டும் பத்து நாள். ஃபிளைட் கான்சல் ஆகி மாட்டிக்கிட்டேன்னா எல்லாம் போச்சு. நீயே சொல்லு, ரிஸ்க் எடுக்க முடியுமா?"

"அம்மாவை விட்டுட்டு எப்படி போறதுன்னு சொன்னீங்க."

"அதுவும்தான்" என்றார்.

பில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "சேவை வரி வேறயா? அநியாயம்லா" என்று கடைக்காரரை முறைத்தார்.

ரயிலேறிக் கிள்ளானுக்குத் திரும்பினேன். கணவரிடம் கொட்டினேன். யோகநாதன் பொறுமையான மனிதர். சில நேரம் அந்தப் பொறுமையைத் தூக்கிக் குப்பையில் போடலாம் போல் இருக்கும். "அஞ்சு வருசம் அம்மாவை நல்லா பார்த்தாரா இல்லையா? காரணம் எதுவா இருந்தா என்ன, வசு? சட்டப்படியும் தப்பு இல்ல" என்றார்.

"தப்பு இல்லன்னா வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! ஏன் அம்மாவை முன்னால நிறுத்திட்டுப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டார்?" என்று கத்தினேன்.

கத்தினேனே தவிர, அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. எண்பத்தைந்து வயதில் அவருக்கு இருக்கும் ஒரே பெருமை இதுதான். மகன் தனக்காக வந்தான். அதைப் பிடுங்கிவிட்டு நான் எதைக் கொடுக்க முடியும்? இருபது வருடம் ரயிலேறி வந்த என்னையா? அதற்கு அவரிடம் மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு அண்ணனை வழியனுப்பிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அண்ணன் கிளம்பினார். அம்மா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விபூதித் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வந்தபோது கொண்டுவந்த அதே இரண்டு பெட்டிகள் கூடத்தில் நின்றன. அண்ணன் பெரிய பொம்மைப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். மாதவிக்கு இப்போது மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்காக வாங்கியது.

"வசு, மாதவி வீட்டு அட்ரஸ் அனுப்பு. இறங்கின வாரமே போய்ப் பார்க்கிறேன். பாவம், அப்பதான் போக முடியல."

"தர மாட்டேன்" என்றேன்.

நான் திட்டமிட்டுச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அண்ணன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"என்னடி கதைக்கிறாய்?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எப்பவும் உனக்கு அண்ணனிலை எரிச்சல். அவன் வேணுமெண்டே போகாமல் விட்டவன்? எனக்காண்டியெல்லோ நிண்டவன்! என்னாலைதான் அந்தப் பிள்ளை அங்கை தனியக் கிடந்து அழுதது. இந்தக் கிழவி செத்துத் துலைஞ்சிருந்தால் அவன் போயிருப்பான்." குரல் உடைந்தது. "நாலு வருசமாய் ஒவ்வொரு நாளும் சாமி அறையிலை அதைத்தான் சொல்லி மன்னிப்புக் கேக்கிறன். உனக்கென்ன தெரியும்?"

மாதவியின் பேர் கேட்டதும் அம்மா எழுந்துபோனது அதற்காகவா? நான்கு வருடம், இந்த வீட்டுக்குள்ளேயே, தன்னால்தான் என்று நினைத்து அழுதிருக்கிறார். ஒரே கூரையின் கீழ் இருந்த அண்ணனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? அவர் முகத்தைப் பார்த்தேன். தெரிந்திருந்தது. கவுன்டரில் முப்பது வருடம் உட்கார்ந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது. அவர் நெற்றியில் வியர்வை.

"உங்களால இல்லம்மா" என்றேன்.

"பின்னை ஆராலை?"

"அண்ணா, நீங்களே சொல்லுங்க."

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கார் வந்துருச்சு. ஃபிளைட்டுக்கு நேரமாச்சும்மா" என்றார். குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார். அம்மா விபூதியைப் பூசிவிட்டார், ஆனால் கண் என் மேலேயே இருந்தது. அண்ணன் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'உங்களால இல்லம்மா' என்று அவரும் ஒருமுறை சொல்லியிருந்தால், காரணத்தை நான் என் வயிற்றுக்குள்ளேயே போட்டுப் புதைத்திருப்பேன். அதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

"ஆராலை, பிள்ளை?" அம்மா விடவில்லை.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வரியை, ஐந்து வருடத்தை, மூன்று ஊர்களை, பதினைந்து நாளை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அம்மா இடையில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"துபாய், மலேசியா. மற்றது எந்த ஊர்?"

"போர்ச்சுகல்."

தலையை ஆட்டினார். அழுவார் என்று காத்திருந்தேன், அழவில்லை. அண்ணன் விட்டுப்போன பொம்மைப் பெட்டி எதிர் நாற்காலியில் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கைப்பையைக் காட்டினார்.

"போனை எடு. மாதவிக்கு அடி" என்றார். "என்னாலை இல்லையெண்டு அவளுக்கு நான் சொல்லவேணும்."