பார்த்தாச்சு

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்து, பொங்குவதற்குள் அணைத்தான். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்தான்; பரவாயில்லை என்று அதையே போட்டுக்கொண்டான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான்.

படி இறங்கும்போது மாமியார் ஃபோன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா மாப்ளே?"

"ஆச்சு அத்தை."

"இன்னைக்குத்தானே உங்க ஆபீஸ்ல எம்பொண்ணு செஞ்சதை வெச்சுக்கறதா தூக்கறதான்னு முடிவு பண்றாங்க?"

"ஆமா."

"நானும் கேட்டுட்டே இருக்கேன். கடைசியா அவ என்னதான் சொன்னா? பிடி கொடுக்க மாட்டேங்கறீங்களே."

"பஸ் வந்துடுச்சு அத்தை. வெச்சுடறேன்."

பஸ் வரவில்லை.

மூலக்கூறுகளைத் திரையில் கட்டிப் பார்க்க உதவும் மென்பொருளைத் தயாரிக்கும் அலுவலகம் அது. அவன் நிரல் எழுதுபவன். கோடையில் இறந்துபோன அவன் மனைவி, அதே அறையில் எதிர் மேசையில் இருந்தாள், வேதியியல் படித்தவள். அப்போதெல்லாம் ஓர் அணுவின் மின்சுமையை மாற்ற அதன்மேல் கிளிக் செய்ய வேண்டும், பெட்டி திறக்கும், எண்ணை மாற்றி மூட வேண்டும். பிறகு அடுத்த அணு. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அப்படித்தான்.

"ஒவ்வொரு அணுவா கதவைத் தட்டி, வீட்டுல யாருன்னு கேக்கணுமா? இது என்ன தபால்காரன் உத்தியோகமாடா?" என்று அவள் கேட்டாள்.

கேட்டதோடு விடவில்லை; தானே ஒரு வழி செய்தாள். ஒரே வரியில் விதி எழுதினால் அதற்குப் பொருந்தும் அணுக்கள் எல்லாம் மஞ்சளாக ஒளிரும். ஒரே இடத்தில் எண்ணை மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும். இதைச் செய்ய அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நடுவில் அவள் ஒரு பொத்தான் வைத்தாள். ஒளிர்வதைப் பார்த்துவிட்டு அதை அழுத்தினால்தான் மாற்றம் நடக்கும். அதன் பெயர் 'பார்த்தாச்சு'. அது முழுக்க அவளுடையது.

அதைத்தான் எடுக்கச் சொன்னார் மேலாளர். வேகம் குறைகிறதாம். தப்புக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கும் சோதனையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் நொட்டை. அவரும் ஒத்து ஊதினார்.

"எதைத் தொட்டாலும் பாத்தியா பாத்தியான்னு கேக்குது. பட்டனா, மாமியாரா?"

அன்றைய கூட்டத்துக்கு ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து வந்திருந்த வேதியியலாளர் அம்மாள், தன் கணினி மாதிரியைக் கொண்டுவந்திருந்தார். நடுவில் ஒரு மருந்து மூலக்கூறு, சுற்றிலும் தண்ணீர். தண்ணீரில் உள்ள ஆக்சிஜன்களின் மின்சுமையை மட்டும் மாற்ற வேண்டும்.

பொத்தான் இல்லாத வடிவத்தில் நொட்டை முதலில் செய்து காட்டினார். 'ஆக்சிஜன்' என்று தட்டினார், எண்ணைப் போட்டார்.

"முடிஞ்சுது! கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள!"

அந்த அம்மாள் தலையாட்டினார். மேலாளரும் ஆட்டினார். அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பட்டன் இருக்கறதுலயும் ஒரு தடவை பாத்துடலாம் சார்," என்றான்.

அதே மாதிரியைப் புதிதாகத் திறந்து, அதே சொல்லைத் தட்டினான். தண்ணீர் முழுக்க மஞ்சள் பூத்தது. பொத்தான் காத்திருந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"இருங்க," என்று அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்தார். "நடுவுல ஏன் மஞ்சள் தெரியுது? கொஞ்சம் திருப்புங்க... அய்யய்யோ, அது என் மருந்து!"

"மருந்துலயும் ஆக்சிஜன் இருக்கே மேடம்," என்றான்.

"அப்போ முதல்ல செஞ்சது?" என்றார் மேலாளர்.

நொட்டை தொண்டையைச் செருமினார். "அதையும் சேர்த்து மாத்தித் தொலைச்சிருக்கேன்."

அவன் விதியைத் திருத்தினான்: இரண்டு ஹைட்ரஜனோடு மட்டும் பிணைந்த ஆக்சிஜன். மருந்தில் மஞ்சள் அணைந்தது. பொத்தானை அந்த அம்மாளே அழுத்தினார்.

"இதை யார் யோசிச்சது?"

"என் மனைவி."

அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டதை உணர்ந்தான். குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தோன்றவில்லை. முதுகு தானாக நிமிர்ந்திருந்தது.

"பட்டன் இருக்கட்டும்," என்றார் மேலாளர்.

"மாமியார்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்பா," என்றார் நொட்டை.

"வேண்டாம் சார். கேட்டிருந்தா அவ விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா."

வராந்தாவுக்கு வந்து மாமியாரை அழைத்தான்.

"எடுக்கல அத்தை. இருக்கு."

"பின்ன? யாரு பொண்ணு!" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அத்தை, கடைசியா அவ என்ன சொன்னான்னு கேட்டீங்களே."

அன்று மருத்துவமனையில், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னாள் அவன் மனைவி. அவன் பொத்தானை அழுத்தினான், கால்பக்கம் எழும்பியது. அவள் சிரித்தாள். ஒரு வரி சொன்னாள். பிறகு தூங்கினாள், எழவில்லை. பெற்றவளிடம் போய்ச் சொல்கிற வார்த்தையா அது என்று இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தான். இப்போது, அவள் சொன்ன தொனியிலேயே சொன்னான்:

"எது செலக்ட் ஆயிருக்குன்னு பாத்துட்டு அமுக்குடா."