எத்தனை தடவை

டாக்டர் கொடுத்திருந்த எழுபத்திரண்டு மணி நேரத்தில் எழுபது போய்விட்டது.

ஹுமாயூனுக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். நாலு வருஷம் மாத்திரைக்கு அடங்கிக் கிடந்தது, இந்த முறை அடங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு அவன் மனைவி மைமூன் வாடகைக் காரில் கிடத்திக் கொண்டுவந்தாள். வாய்வழியாக ஒன்றும் கிடையாது. டிரிப்பும் ஸ்டீராய்டு ஊசியும்தான். மூன்றாம் நாளும் எட்டுத் தடவைக்கு மேல் வெளிக்குப் போனால் மருந்தை நம்ப முடியாது, குடல் ஓட்டை விழுந்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்றார் டாக்டர். அப்படியானால் பெருங்குடலை எடுத்துவிட்டு, மலம் போக வயிற்றில் வழி வைத்து, பை மாட்ட வேண்டும். எத்தனை தடவை என்று எண்ணும் வேலையை நர்ஸ் மைமூனிடம் விட்டிருந்தாள்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவன் ஹுமாயூன். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி விற்றவன் வயிற்றையே கிழிக்கப் பார்க்கிறார்களா என்று முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"எந்நேரமும் பையில ஒழுகிக்கிட்டே இருந்தா தொழுகைக்குக் கழுவுன ஒளு எப்படி நிக்கும்? பள்ளிவாசல்ல எவன் பக்கத்துல போயி நிப்பேன்? டாக்டர் கேட்டா நாலுன்னு சொல்லு மைமூன். அறுக்க விட்டே, பொறவு எம் மூஞ்சில முழிக்காத."

நோயாளிக்குத் தொழுகையில் சலுகை இருக்குமே, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்கலாமே என்றாள். இந்த அசிங்கத்தை அவரிடம் வேறு சொல்லவா என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதிலிருந்து அவனைத் தாங்கிக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்ததில் அவளுக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. வாளித் தண்ணீரை அவள்தான் ஊற்றிவிட்டாள். இறைவன் பெயரைத் திக்ரு ஓதும்போது எண்ணுவதைப்போல விரல் கணுக்களில் எண்ணினாள். வலது கை தீர்ந்து இடது கைக்கு வந்திருந்தாள்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். மதுரையிலிருந்து வந்த சர்ஜனும் கூட நின்றார்.

"நேத்துலேருந்து எத்தனைம்மா?"

"நாலு சார்."

டாக்டருக்கு முகம் தெளிந்தது. வயிற்றை அமுக்கி, வலிக்கிறதா என்றார். ஹுமாயூன் இல்லையென்று தலையாட்டினான். நாடி மட்டும் வேகமாக ஓடுகிறது, நாலுதான் என்றால் அதுவும் இறங்கிவிடும் என்று தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். கஞ்சி கொடுக்கச் சொன்னார். சர்ஜன் இனி அடுத்த வாரம்தான் வருவார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் படியிறங்கினார், டாக்டர் வழியனுப்பப் போனார்.

ஹுமாயூன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். அவன் விரல்கள் சில்லிட்டிருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை.

"திரும்பவும் வருது. அவிய போகட்டும். செத்த பொறு."

கீழே கார் உறுமியது.

மைமூன் கையை உருவிக்கொண்டு ஓடினாள். அந்நிய ஆண்களிடம் கதவோரம் நின்றே பேசிப் பழகியவள், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் காரின் முன்னால் போய் நின்றாள். இரண்டு டாக்டர்களும் அவளைப் பார்த்தார்கள்.

"நாலு இல்ல சார். பதினாறு. அம்புட்டும் ரத்தம்."