சங்கச் சுவரில் வெள்ளை கவுன்

தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நாங்கள் வந்து நின்றதைப் பார்த்து லாசல்ஸ் சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஏணி மேல் நின்றுகொண்டு, விழுந்துவிடாமல் இருக்க ஏணியையே கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சனிக்கிழமை, துறைமுகத்தில் கப்பல் இல்லை, எங்களுக்குச் சுமக்க வேலையும் இல்லை. தொழிலாளர் சங்கக் கூடத்தின் நீளச் சுவரில் வாழைக்குலை சுமக்கும் பெண்களை வரையப் போகிறேன், வந்து நில்லுங்கள் என்று கூப்பிட்டவன் அவன்தான். படம் வரையக் கூப்பிட்டால் எங்கள் போர்ட் அன்டோனியோவில் யார் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு போடாமல் வருவாள்? என் வெள்ளை கவுனுக்குக் கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப்பெட்டியால் சுடச்சுடத் தேய்த்து, நீல நாடா வைத்த தொப்பியோடு வந்திருந்தேன். என்கூடக் குலை சுமக்கிற வாஷ்டி யாரிடமோ காலுறை இரவல் வாங்கி மாட்டியிருந்தாள்.

"என்ன மிஸ் ஐசி, பிஷப் வர்றாரா?" என்றான் என்னைப் பார்த்து.

"நீ செத்துட்டேன்னு சொன்னாங்க, அதான் எல்லாரும் உடுத்திட்டு வந்தோம். இன்னும் சாகலையா நீ?" என்றாள் வாஷ்டி. அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

அவன் இறங்கி வந்து, தாடியைச் சொறிந்துகொண்டு நயமாகப் பேசினான். "கோவிச்சுக்காதீங்க. வேலைக்கு எப்படி வருவீங்களோ அப்படித்தான் வேணும். கிழிஞ்ச பாவாடை, இடுப்புல கயிறு, வெறுங்கால், தலையில சும்மாடு, அதுமேல குலை. அதோ பாருங்க, இன்னிக்குக் காலைல வெட்டின குலை, ரெடியா வச்சிருக்கேன்."

லாசல்ஸை எனக்கு அவன் டிரவுசர் இல்லாமல் ஓடின காலத்திலிருந்து தெரியும். அவன் அம்மா ஹையசிந்த் என் பக்கத்தில் நடந்து குலை சுமந்தவள். கிங்ஸ்டனில் பெரிய மனிதர்கள் அவனிடம் கடல் படமும் பூப் படமும் கேட்டுப் பார்த்தார்கள். அவன் கரும்பு வெட்டுகிறவனையும், ஆற்றில் துணி துவைக்கிறவளையும், கல் உடைக்கிற கைதியையும் வரைந்து கொடுத்தான். வாங்க ஆள் இல்லாவிட்டாலும் மாற்றிக்கொள்ளவில்லை. கான்வாஸுக்கு வழியில்லாமல் மாவு மூட்டைச் சாக்கில் வரைந்தான். அதனால் எனக்கு அவன் மேல் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவனை அப்படியே தூக்கிக் கடலில் போடலாம் போல இருந்தது.

காரணம் இருக்கிறது. என் அம்மாவுக்கு ஒரு படம் கிடையாது. அவள் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில் வருவதில்லை. கண்ணை மூடினால் அவளுடைய குரல் வருகிறது, கால் விரல்கள் வருகின்றன, முகம் மட்டும் வர மாட்டேன் என்கிறது. எனக்கும் இதுவரை படம் இல்லை. இந்தச் சுவரில் வருகிற முகம்தான் நான் போன பிறகு என் பேத்திகளுக்கு மிஞ்சப்போகிற முகம். அதற்கு இடுப்பில் கயிறா?

"முடியாது," என்றேன். "கந்தலோட என்னைச் சுவத்துல ஏத்தாதே."

"கையுறை மாட்டின பொம்பளைய யார் வேணா வரையலாம் மிஸ் ஐசி. இந்த ஊர் யாரு தலைமேல நிக்குதுன்னு நான் காட்ட வேண்டாமா? எனக்கு உண்மை வேணும்."

இதற்குள் வாஷ்டி சும்மா இருக்காமல் மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த ஒரு சாக்குப் படத்தைத் திருப்பினாள். திருப்பியவள் ஊளையிட்டாள். லாசல்ஸ் தன்னைத் தானே வரைந்துகொண்ட படம். வெள்ளைக் காலர், சிவப்பு டை, தலையில் சாய்ந்த தொப்பி! நானும் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். முட்டிக்கு மேல் கிழிந்த டிரவுசர், உடம்பெல்லாம் சாயம், காலில் செருப்புகூட இல்லை.

"உனக்கு மட்டும் டை எங்கேருந்துடா வந்துச்சு?" என்றேன்.

கூடமே சிரித்தது. அவன் முகம் சுண்டிவிட்டது. பாவமாகவும் இருந்தது, திருப்தியாகவும் இருந்தது. தூரிகையைத் துணியில் அழுத்தித் துடைத்தான். பிறகு வீம்பாகச் சொன்னான்: "சரி. இந்த வெள்ளை கவுனோடவே குலையைத் தூக்குங்க. தூக்கினா, பார்க்கறதைப் பார்த்தபடி வரையறேன்."

நாங்கள் ஆசைப்பட்டா கந்தல் உடுத்துகிறோம்? வாழைக்கறை ஒருதரம் பட்டால் பட்டதுதான், எலுமிச்சைக்கும் போகாது, வெயிலுக்கும் போகாது. அந்தத் துணி அதற்கப்புறம் வேலைக்குத்தான். எனக்கு இருப்பதோ இந்த ஒரே வெள்ளை கவுன். நான் தூக்க மாட்டேன் என்று அவனுக்கு நிச்சயம்.

தொப்பியைக் கழற்றி வாஷ்டியிடம் கொடுத்தேன். கையுறையையும் ஷூவையும் கழற்றினேன். அங்கே கிடந்த ஒரு துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டினேன். "ஒரு கை கொடுடி," என்றேன்.

"ஐசி, உனக்குப் பைத்தியமா?" என்றாள். ஆனாலும் கை கொடுத்தாள்.

குலை தலையில் ஏறியதும் கழுத்து தானாக நேரானது. அதன் வெட்டுவாய் என் இடது தோளுக்கு நேரே இருந்தது. லாசல்ஸ்தான் பதறிப்போனான். "இறக்குங்க மிஸ் ஐசி, நான் சும்மா சொன்னேன், துணி பாழாயிடும்!"

"வாயை மூடிட்டு வரைடா."

வரைந்தான். வேலை பிடித்துக்கொண்டால் அவன் வேறு ஆள். என் நெற்றி வந்தது, தாடை வந்தது, என் அம்மாவுடையதோ என்று நான் திடுக்கிட்ட மூக்கு வந்தது. வெள்ளை கவுன் சுவரில் பளிச்சென்று இறங்கியது. நடுவில் இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏற்றினேன். தோளில் சொட்டியது ஈரமாகத் தெரிந்தது. வாழைப்பால் முதலில் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், காயக் காயத்தான் நிறம் காட்டும்.

வெயில் சாயும்போது காட்டிவிட்டது. தோளிலிருந்து மார்பு வரைக்கும் பழுப்பாக ஓடியிருந்தது. லாசல்ஸ் அதைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என் கண்ணைப் பார்க்கவில்லை.

"இந்தக் கறையை வரையாம விட்டுடறேன்," என்றான் மெதுவாக. "வெள்ளையாவே இருக்கட்டும். நீங்க கேட்ட மாதிரியே."

சுவரில் இருந்த அந்தப் பொம்பளை அழகாகத்தான் இருந்தாள். தலையில் குலையோடு, ஒரு பொட்டு அழுக்கில்லாமல், கோயிலுக்குப் போகிறவளாக. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் சும்மா நின்னதுக்கா இது விழுந்துச்சு? கறையையும் போடுடா."

"மிஸ் ஐசி..."

"போடு."

அவன் கறுப்பையும் சிவப்பையும் குழைத்தான். ஏணியில் ஏறி, சுவரில் என் தோளில் தூரிகையை வைத்து அழுத்தினான். சாயம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலும். ஒரு சொட்டு திரண்டு, பிடி நழுவி, அந்த வெள்ளையில் தானாகக் கீழே வழியத் தொடங்கியது. துடைக்கத் துணியை எடுத்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குலையை இறக்காமல் நின்றேன். அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். சொட்டு மார்பைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது.