நெடுவாயன் எப்படிச் சாவான்

நெடுவாயன் அதுவரை மூன்று வீரர்களைக் கொன்றிருந்தான். முதலாமவனை இரண்டாகப் பிளந்தான். இரண்டாமவனைக் கோட்டைச் சுவரில் அடித்தே கொன்றான். மூன்றாமவன், பாவம், வாளை உருவுவதற்குள் கழுத்து முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. வாராவாரம் படக்கதை இதழில் இதையெல்லாம் எழுதி வரைந்தவளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஒல்லிக்குச்சி. கரப்பான்பூச்சி வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுவாள். ஆபீஸில் அவளுக்குப் பூச்சாண்டி என்று பேர்.

ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ராட்சசனையும் தாளில் இறக்குவதற்கு முன்னால் அவனுக்கு ஓர் அட்டை எழுதிச் சுவரில் குத்த வேண்டும். மூன்றே வரி. என்ன தின்பான், எதன்மேல் ஆசை, எப்படிச் சாவான். நெடுவாயன் மனித ஈரல் தின்பான். செத்துப்போன அப்பனின் பற்களைக் கோத்த மாலைமேல் உயிரையே வைத்திருப்பான். யாரைக் கொல்வதானாலும் முதலில் அந்த மாலையை இரண்டு கையாலும் தலைவழியே கழற்றி, ரத்தம் படாமல் மரக்கிளையில் மாட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான். மூன்றாவது வரி மட்டும் காலி. ஆசிரியர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார், ராட்சசனுக்கு இவ்வளவு ரத்தமும் சதையும் கொடுத்தவள், வீரனை மட்டும் ஏன் உப்புச்சப்பில்லாமல் அனுப்பி அனுப்பிச் சாகடிக்கிறாய் என்று.

வீரனை எங்கே தேடுவது என்று அவளுக்குத் தெரியாது. நெடுவாயன் எங்கிருந்து வந்தான் என்பது மட்டும் தெரியும். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அத்தான் எழுந்தார். தன் அப்பா கொடுத்த தோல்வார் வாட்சைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டார். அப்புறம் அக்காவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். கோபத்தில் அடிக்கிற ஆளைப் பார்த்திருக்கிறோம். இந்த ஆள் பொறுமையாக அடித்தார். அந்தப் பொறுமைதான் தங்கையை விடவே இல்லை. பத்து வருஷம் கழித்து அதற்குப் பன்னிரண்டடி உயரமும் கோரைப்பல்லும் கொடுத்து அச்சில் ஏற்றிவிட்டாள்.

நாலு நாளைக்கு முன்னால் அக்கா ஒரு பையோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடது கையில் மாவுக்கட்டு. இனிமேல் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அத்தானோ போனில், நடந்து வராவிட்டால் பொணமாகத் தூக்கிக்கொண்டு போவேன் என்றார். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். பார்க்கிறோம் என்றார்கள். பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. வண்ணம் பூசிய தாள் ஈரத்தில் சுருண்டுகொள்ளும், பின்பக்கமாக இஸ்திரி போட்டுத்தான் நிமிர்த்த வேண்டும். சும்மா இருக்க முடியாமல் அந்த வேலையை அக்கா வாங்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் செய்துகொண்டிருந்தாள். பழைய காலத்துக் கரண்ட் இஸ்திரிப் பெட்டி, நல்ல கனம். நெடுவாயன் மாலையைக் கழற்றுகிற பக்கம் வந்ததும் கை நின்றது.

"இது மாலையைக் கழட்டுறப்போ ரெண்டு கையும் மேல இருக்கே. அப்ப ஏன் யாரும் அடிக்கல?"

"அந்த நேரத்துல எல்லாரும் பயத்துல மரத்துப்போய் நிப்பாங்கக்கா."

"ம்" என்று அக்கா அடுத்த தாளை எடுத்தாள்.

அந்தத் தாள் முடிவதற்குள் தாழ்ப்பாள் ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. அத்தான்தான். குறுக்கே ஓடிய தங்கையைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி மேசைமேல் வீசினார். மைப்புட்டி உடைந்தது. விலாவில் ஏதோ நொறுங்கியது அவளுக்கே கேட்டது. உருண்டு கீழே விழுந்தவளின் வாயில் ஒரு மிதி. பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

கிளம்புகிறாயா என்று அக்காவைக் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. அக்கா மாட்டேன் என்றாள். சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு, வாட்சில் கை வைத்தார்.

அடுத்த கட்டம் தங்கைக்குத் தெரியும். எத்தனை தடவை வரைந்திருக்கிறாள்! எழுந்திருடி, எழுந்திருடி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கால் வரவில்லை. அவளுடைய வீரர்கள் மூன்று பேரும் இப்படித்தான் செத்தார்கள்.

அக்கா மரத்துப்போகவில்லை. அந்த ஆள் இடது மணிக்கட்டை நீட்டி, தலையைக் குனிந்து, வலது விரல்களால் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கொதிக்கிற பெட்டி வயரைப் பிடுங்கிக்கொண்டு அந்த இரண்டு கைமேலும் ஒருசேர இறங்கியது. வாட்சும் எலும்பும் சேர்ந்தே நொறுங்கின. தோல் தீய்ந்த நாற்றம் அறையை அடைத்தது. அவர் அலற வாயைத் திறந்தபோது இரண்டாவது அடி தாடையில். ரத்தமும் பல்லுமாகத் துப்பிக்கொண்டு முட்டி போட்டார். பத்து வருஷத்துக்கு இது ஈடாகுமா? ஆகாது. அக்காவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், மூன்றாவது அடிக்கு உச்சந்தலைக்கு நேராக ஓங்கிவிட்டாள்.

"அக்கா" என்றாள் தங்கை, கிழிந்த வாயால்.

ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அக்கா பெட்டியைக் கொண்டுபோய், தாள் கருகாமல், நிமிர்த்தி வைத்தாள்.

தரையில் கிடந்த தங்கையின் மண்டைக்குள் ஒரு மூலை, மூன்றாவது வரி கிடைத்துவிட்டது என்றது. வெட்கம்கெட்ட மூலை. ஆனாலும் சொன்னது.

அன்றைக்குத்தான் போலீஸ் வந்தது. கையும் தாடையும் தொங்க அத்தானை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். யார் அடித்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அக்கா ஜெயிலுக்குப் போனால் செத்தேபோவாள் என்று தங்கைக்குப் பட்டது. சுவரைப் பிடித்து எழுந்து, நான்தான் சார் என்று முந்திக்கொண்டாள்.

"இல்ல சார், நான்" என்றாள் அக்கா. பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. "நெடுவாயனை என்கிட்டேருந்துதான் எடுத்தே. முதல் வாரமே எனக்குத் தெரியும். ஒண்ணும் கேக்கல. இதையும் எடுத்துக்காத."

தங்கை சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அக்காவின் பெயரை எழுதிக்கொண்டார்.