வலது கை மை

“வலது கையை நீட்டுங்க” என்றார் மை வைக்கிறவர். பழக்க தோஷத்தில் நான் இடது கையை நீட்டியிருந்தேன். “அது உங்க ஓட்டுக்கு. பார்வை இல்லாதவங்களுக்காகப் போட வந்தா வலது கைலதான் வைக்கணும்.” மாமனார் என் தோளைப் பிடித்தபடி பின்னால் நின்றார். கண்ணில் நீர் அழுத்தம் என்று ஆரம்பித்து, இரண்டே வருடத்தில் வெளிச்சம் மொத்தமும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் போடும் முதல் ஓட்டு இது. வார்டு கவுன்சிலருக்கு நிற்பது அவருடைய ஒரே மகன், என் கணவர்.

ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் பாட்டுக்குப் போட்டிருப்பேன், மாமாதான் “என்ன எழுதியிருக்குன்னு வாசிம்மா” என்றார். அவர் சொன்னபடியே போடுவேன், யாருக்குப் போட்டது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் ஏஜெண்ட் சிரித்தார். “அப்பா ஓட்டு மகனுக்கு. இதுல என்ன பெரிய ரகசியம்?” எதிர்த்து நிற்கிற மருந்துக்கடை அம்மாவின் ஏஜெண்டும் ஆட்சேபணை சொல்லவில்லை. அந்த ஓட்டை அவர் எப்போதோ கைகழுவியிருந்தார்.

அட்டைத் தடுப்புக்குள் இரண்டு பேரும் குனிந்தோம். முதலில் மின்விசிறி, எங்களுடையது. எலக்ட்ரீஷியனுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று சின்னம் ஒதுக்கிய அன்று என் கணவர் துள்ளாத குறைதான். அதற்குக் கீழே மருந்துக்கடை அம்மாவின் வாளி.

மாமா என் காதருகே சொன்னார், “வாளி.”

காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனாலும், “மாமா, நம்மளுது ஃபேன்” என்று கிசுகிசுத்தேன்.

“தெரியும்மா. என் புள்ளைய எனக்குத் தெரியாதா? யார் எதைக் கேட்டாலும் சரின்னுடுவான். அந்தம்மா, டாக்டர் சீட்டு இல்லாம எனக்கே தூக்க மாத்திரை தர மாட்டேன்னுச்சு. கவுன்சிலர்னா இல்லைன்னு சொல்லத் தெரியணும். நீயே அமுக்கு.”

எதை அமுக்கினாலும் ஒரே சத்தம்தான் வரும். மின்விசிறியை அமுக்கிவிட்டு “ஆச்சு மாமா” என்றால் அவருக்குத் தெரியப்போவதில்லை, உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. வாளியை அமுக்கினேன்.

அவரை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இடது கையில் மை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். இந்தத் தடவை கூட யாரும் இல்லை. போன வாரம் நோட்டீஸ் கட்டோடு என் கணவர் பின்னால் நடந்தது ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தை மேலத்தெருவில் பிள்ளைகள் விளையாட என்றார். ஒரு மணி நேரம் கழித்து கீழத்தெருவில், அதே இடத்தைச் சந்தைக்கு என்றார். வழியில் கேட்டதற்கு, “ஜெயிச்சுட்டுப் பாத்துக்கலாம், விடு” என்றார். பொய் பேசுகிற ஆள் இல்லை, அதுதான் சங்கடம். சொல்லும்போது இரண்டையும் மனதார நம்பினார். யார் வீட்டு ஃபியூஸ் போனாலும் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுகிற மனிதர் அவர். அதற்காகத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். பொத்தானுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அதிகாரி இருமினார். வாளியில்தான் அமுக்கினேன்.

மூன்றாம் நாள் எண்ணினார்கள். மூன்று ஓட்டில் தோற்றுப்போனார்.

மத்தியானமே வந்துவிட்டார். மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டைத் தரையில் போட்டுவிட்டு, “மூணே மூணு” என்றார். “ரெண்டு பேரு மாத்திப் போட்டிருந்தாப் போதும். நான் ஒண்ணுல ஜெயிச்சிருப்பேன்.” மாமா முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டார்.

நான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் கணவர் பின்னாலேயே வந்தார். என் வலது கையை எடுத்து விரலைப் பார்த்தார்.

“இதானே அப்பாவோடது?”

“ம்.”

“எனக்குத்தானே போட்டாரு? தோத்ததுகூடப் பரவால்ல. இதை மட்டும் சொல்லு.”

“கையெழுத்துப் போட்டிருக்கேங்க.”

“என்கிட்டகூடவா?”

“யார்கிட்டயும்னு எழுதியிருந்துச்சு.”

கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த மாமாவின் நாற்காலிச் சத்தம் நின்றுபோனது. கணவர் என் விரலில் இருந்த மையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அடுத்தது கேட்டுவிடப்போகிறார், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். என் ஓட்டைச் சொல்லக் கூடாது என்று எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடவில்லை.

அவருக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. தொட்டியில், சோப்பு நுரைக்கு அடியில், அவர் காலையில் சாப்பிட்ட தட்டைப் பிடித்தபடி என் இடது கை இருந்தது.