பட்டியலில் இல்லாத உபவாசம்

தன் பிரசவத்துக்குத் துணையாகப் பிளேன் ஏறும் அம்மாவுக்காக அமெரிக்காவிலிருந்து ஷிஜா போனில் சொல்லச் சொல்ல, அப்பா சுவாமிதாஸ் பொடி எழுத்தில் எழுதி வைத்த பட்டியலில் பதினான்கு கட்டளைகள் இருந்தன. மோசேகூடப் பத்தோடு நிறுத்திக்கொண்டார். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் நிறுத்துவாளா? இறுக்கமான செருப்பு கூடாது. சர்க்கரை மாத்திரை தப்பக்கூடாது, அதைப் பெரிய பெட்டியில் வைக்கவும் கூடாது. மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்க வேண்டும், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் பாதத்தைச் சுழற்ற வேண்டும். தலை சுற்றினால் வாயில் போட கைப்பையில் மிட்டாய் இருக்க வேண்டும்.

விழிஞ்ஞத்து வீட்டில் இதற்கு ஒத்திகை வேறு நடந்தது. இருபத்திரண்டு வருஷம் களியக்காவிளை பஸ்ஸில் கண்டக்டராக நின்ற சுவாமிதாஸ், சுவரைப் பார்த்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு மனைவி சுசீலாபாயை உட்கார வைத்தார். இரண்டு மணி நேரம் எழ விடவில்லை. “இது பஸ்ஸு இல்ல பிள்ளே, நீ மணியடிச்சா நிறுத்த மாட்டான்” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

சுசீலாபாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளிடம் பதினைந்தாவது ஒன்று இருந்தது. புறப்படும் நாள் காலையிலிருந்து மகள் முகத்தைப் பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம். அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

காரணம் இரண்டு வருஷத்துக்கு முந்தையது. ஷிஜாவின் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனது. அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, சபைப் பெண்கள் எல்லாரும் ஷிஜாவுக்காக உபவாச ஜெபம் வைத்திருந்தார்கள். சுசீலாபாயும் உபவாசம்தான். ஆனால் பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்தில் பிரியாணித் தட்டை நீட்டினார்கள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெற்ற தாய் சாப்பிட்டாள், ஊரார் பட்டினி கிடந்தார்கள். அந்தப் பிரியாணி இரண்டு வருஷமாக அவள் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அதனால் அந்தச் சனிக்கிழமை காலையில் புட்டையும் பழத்தையும் கொல்லையில் கோழிக்குப் போட்டாள். மாத்திரையை மட்டும் எச்சிலோடு விழுங்கினாள். மாத்திரை விஷயத்தில் பட்டியலையும் மீறவில்லை, நேர்ந்துகொண்ட பொருத்தனையையும் மீறவில்லை என்று அவளுக்கு ஒரு திருப்தி. வெறும் வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்பதைப் பதினான்கு கட்டளைகளிலும் யாரும் எழுதவில்லை. சர்க்கரைக்காரி சாப்பிடாமல் பிளேன் ஏறுவாள் என்று யார் நினைப்பார்கள்?

மத்தியானம் இரண்டு மணிக்கு விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோது முதலில் விரல்கள் நடுங்கின. அப்புறம் கழுத்து வழியாக வியர்வை இறங்கி ரவிக்கை நனைந்தது. கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டினாள், கை ஓரிடத்தில் நிற்கவில்லை. அங்கிருந்த பெண் அவள் முகத்தையே பார்த்தாள்.

“ஒண்ணும் இல்ல மக்களே. வெயிலு” என்றாள் சுசீலாபாய்.

அந்தப் பெண் நம்பவில்லை. இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம், சுகமில்லாதவரை ஏற்றிவிட முடியாது, டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் போர்டிங் பாஸ் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இன்று முடியாவிட்டால் அடுத்த சீட்டு வியாழக்கிழமை. கவுண்டர் மூட இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

ஷிஜாவுக்கு ஆபரேஷன் திங்கட்கிழமை. மருமகனுக்கு லீவு இரண்டு நாள். அப்புறம் அந்த ஊரில், கீறின வயிற்றோடு அவளும் பிள்ளையும் மட்டும்தான்.

ஓரத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பார்வையாளர் கூட்டத்தில், சுவாமிதாஸ் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். மிட்டாய்.

கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். பத்து மிட்டாய்கள் மேலாகவே இருந்தன. ஒன்றை எடுத்தாள், திரும்பப் போட்டாள். இதை வாயில் வைத்து, அங்கே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போன தடவை என்ன ஆகும் என்று தெரியாமல் செய்தது என்றாவது சொல்லலாம். இந்தத் தடவை தெரிந்தே செய்ததாகும்.

ஆனால் வைக்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் இந்த நாற்காலியிலிருந்து சரிந்து விழுவாள். அதுவும் நிச்சயம். கண்ணுக்கு முன்னால் விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தன.

ஜெபம் விழிஞ்ஞத்திலிருந்தே அமெரிக்காவுக்குப் போய்ச் சேரும், அதற்குச் சீட்டு வேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட, ஷிஜாவைத் தாங்கிப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போக, இந்த இரண்டு கைகள்தான் போக வேண்டும்.

“ஆண்டவரே, நான் திங்கப் போறேன்” என்று முணுமுணுத்தாள். “அதுக்கு உள்ள தண்டனைய எனக்க தலையில போடும். அவளத் தொடாதேயும்.”

காகிதத்தைக்கூட முழுதாகப் பிரிக்காமல் வாயில் போட்டுக் கடித்தாள். உடனே அடுத்தது. நான்காவதைக் கடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். ஐந்தாவதுக்கு யோசிக்கவே இல்லை.

டாக்டர் வர கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் வியர்வை அடங்கி, விளக்குகள் ஒன்றொன்றாகத் திரும்பியிருந்தன. அவர் நாடி பிடித்தார், பிரஷர் பார்த்தார், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். புட்டும் பழமும் என்றாள். அன்றைக்கு அது இரண்டாவது பாவம், அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். பிளேனில் கொடுப்பதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் எழுதிக் கொடுத்தார்.

போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துத் திரும்பினாள். சுவாமிதாஸ் இன்னும் அங்கேயேதான் நின்றார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. அவள் ஆறாவது மிட்டாயை அவருக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டி வாயில் போட்டாள்.

அவர் விரல் முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினார். சத்தம் இந்தப் பக்கம் கேட்கவில்லை. கண்டக்டர் பெண்டாட்டிக்குக் கேட்க வேண்டியதும் இல்லை. ஒற்றை மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் போகலாம்.

சுசீலாபாய் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகிற வழியில் குழாயடியில் நின்று, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள்.